எந்த டிஸ்க்கை வேண்டுமானாலும் உருவுங்கள்

வாசகரே, இன்று நான் உங்களுக்குக் காட்டப்போகும் ஜீவராசியின் பெயர் பெட்டிக்காரர். பெட்டி என்றதும் பணப்பெட்டியையோ பயணப்பெட்டியையோ நினைத்துவிட வேண்டாம். வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள், கேமராவில் பிடித்ததையெல்லாம் கொட்டி வைப்பதற்காக வாங்குகிற பெட்டி இது. உள்ளே எட்டு ஹார்ட் டிஸ்க், பின்னால் ஒரு விசிறி, முன்னால் வரிசையாக எட்டுப் பச்சை விளக்கு. தொழிலில் இதை ரெய்டு பெட்டி என்பார்கள். ரெய்டு என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குக் கை தானாகப் பீரோ சாவியைத் தேடும். பதற வேண்டாம், இதில் யாரும் வீட்டுக்கு வந்து மெத்தையைக் கிழிக்க மாட்டார்கள்.

இந்தப் பெட்டி செய்வது இவ்வளவுதான். ஒரே டிஸ்க்கில் எழுதினால் நேரமாகும் என்று, படத்தைத் துண்டு துண்டாக்கி எட்டிலும் ஒரே சமயத்தில் எழுதும், எடுக்கும்போது எட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் எடுக்கும், அதனால் வேகம். கூடவே, எட்டில் ஒரு டிஸ்க் செத்துப்போனால் மிச்சமுள்ள ஏழும் கூடிப் பேசி, போனவர் என்னென்ன வைத்திருந்தார் என்று கண்டுபிடித்துவிடும் அளவுக்குக் குறிப்பும் எழுதி வைக்கும். ஒன்று போனால் ஒன்றும் ஆகாது. இரண்டு போனால் எல்லாம் போய்விடும். விற்கிற கடைக்காரர் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒழுங்காகச் சொல்லித்தான் விற்கிறார். பெட்டிக்காரரின் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுகிறது.

பெட்டிக்காரரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். அவர் வீட்டுக்கு நீங்கள் போனால் வாங்க, உக்காருங்க என்று சொல்ல மாட்டார். செருப்பை வெளியே விடச் சொல்வார், காலைத் துடைக்கச் சொல்வார், தும்மல் வருகிறதா என்று விசாரிப்பார், பிறகு ஒரு அறைக் கதவைத் திறப்பார். உள்ளிருந்து மார்கழிக் காற்று போல ஏசி முகத்தில் அடிக்கும். அந்த வீட்டில் ஏசி உள்ள ஒரே அறை அதுதான். மனைவியும் மகளும் படுக்கிற அறையில் ஒரு மின்விசிறி கடகடவென்று கத்திக்கொண்டு சுற்றும். அதைக் கேட்டால், மனுஷங்களுக்கு வேர்த்தா துடைச்சுக்கலாம், பெட்டிக்கு வேர்த்தா என்ன பண்றது என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.

அறைக்குள் போனதும் வேகப் பரிசோதனை நடக்கும். கணினித் திரையில் வண்டியின் ஸ்பீடோமீட்டர் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள். அவர் பொத்தானை அமுக்குவார். முள் ஏறும். ஆயிரம் தாண்டும்போது உதட்டைக் கடிப்பார், ஆயிரத்து ஐந்நூறில் மூச்சை அடக்குவார், ஆயிரத்து எண்ணூறில் முள் நின்றதும் மூச்சை விட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். ஒரு செகண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு எம்பி. ஒரு முழுப் படமே மூன்றே செகண்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும் என்பார். சரி, அப்படி மிச்சமாகிற நேரத்தில் அவர் என்ன செய்கிறார்? இன்னொரு தடவை பொத்தானை அமுக்குகிறார்.

ரத்த அழுத்தக்காரர்கூட ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் அளந்து பார்க்கிறார். இவர் பதினோரு வேளை. அதிலும் ஒரு நாள் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு காட்டிவிட்டால் போதும், வீடு ரெண்டுபட்டுவிடும். கேபிளை உருவித் துடைப்பார், மறுபடி சொருகுவார், பெட்டிக்கு அடியில் உள்ள ரப்பர் விரிப்பைத் திருப்பிப் போடுவார், பிறகு கூடத்துக்கு வந்து இப்போது வாஷிங் மெஷின் போட்டது யார் என்று போலீஸ் குரலில் கேட்பார். அந்தப் பத்து எம்பி திரும்பக் கிடைக்கிற வரையில் அந்த வீட்டில் அழுக்குத் துணி அப்படியே கிடக்கும்.

இதையெல்லாம் எனக்கு யாரோ சொன்னதாக நினைக்காதீர்கள். நான் சொல்கிற பெட்டிக்காரர் என் தங்கை வீட்டுக்காரர். எங்கள் குடும்பத்தில் அவரை எல்லாரும் மாப்பிள்ளை என்போம். அவருடைய தொழில்காரர்கள் மட்டும் அவர் இல்லாத இடத்தில் ஆயிரத்தெண்ணூறார் என்கிறார்கள். கணவன், மனைவி இருவருமாக வீட்டிலேயே ஒரு எடிட்டிங் ஸ்டூடியோ நடத்துகிறார்கள். நடத்துகிறார்கள் என்றால், பெயர்ப்பலகையில் மாப்பிள்ளை பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. எடிட்டிங் என் தங்கை செய்கிறாள்.

மாப்பிள்ளை கெட்டவர் அல்ல. யாரையும் ஏமாற்ற மாட்டார், கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார், என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். பெட்டி எவ்வளவு உறுதியானது என்பதை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காக அவர் கண்டுபிடித்த சடங்கைத்தான் நான் சொல்ல வந்தேன்.

வேகப் பரிசோதனை முடிந்ததும், திரையில் ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிடுவார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, "எட்டுல உங்களுக்குப் புடிச்ச நம்பர் சொல்லுங்க. எந்த டிஸ்க்கை வேணாலும் உருவுங்க" என்பார். சீட்டுக்கட்டை விசிறியாக விரித்து நீட்டுகிற வித்தைக்காரரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். நீங்கள் தயங்குவீர்கள். அட, சும்மா உருவுங்க என்பார். நீங்கள் ஒரு டிஸ்க்கின் கைப்பிடியைப் பிடித்து இழுப்பீர்கள். சளக் என்று வெளியே வரும். பெட்டி ஐயோ ஐயோ என்று கத்தும். பச்சை விளக்கு ஒன்று ஆரஞ்சாக மாறும். ஆனால் திரையில் வீடியோ ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு உங்களைப் பார்த்துப் புன்னகை செய்வார். அந்தப் புன்னகைக்காகத்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார்.

இந்த மரியாதை எல்லாருக்கும் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் உருவியிருக்கிறார். மகளின் கணக்கு டீச்சர் உருவியிருக்கிறார். கூரியர் கொண்டுவந்தவர் ஒரு கையில் பார்சலுடன் மறு கையால் உருவியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் ஆறேழு தடவை உருவியிருக்கிறேன். அந்தச் சளக் சத்தம் எனக்கும் பிடிக்கும்.

உருவின டிஸ்க்கைத் திரும்பச் சொருகினால் பெட்டி உடனே பழையபடி ஆகிவிடாது. மற்ற ஏழும் சேர்ந்து அந்த ஒன்றுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அது முடிகிற வரைக்கும் அந்த விளக்கு ஆரஞ்சாகவே கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க்கைத் தொடக்கூடாது. கடைக்காரர் சொன்ன இரண்டாவது வாக்கியம் நினைவிருக்கிறதா? மாப்பிள்ளைக்கு இல்லை.

இப்போது டைரக்டர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு கண் மருத்துவமனையில் ஒன்பது வருடம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவர். கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வரப்படுகிறவர்கள் தாமாக நடந்து வெளியே போவதைத் தினமும் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு அதே மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். பதினான்கு மாதம் படம் பிடித்தார். ஆபரேஷன் முடிந்து கண்ணில் போட்ட கட்டைப் பிரிக்கிற அந்த நிமிஷத்தைத்தான் பிடித்தார். முப்பத்தொரு பேருடைய முதல் பார்வை. இதை இரண்டாம் தடவை எடுக்க முடியாது. ஐயா, வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தரம் கண் தெரியாமல் உட்காருங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

பிடித்ததையெல்லாம் கேமரா கார்டுகளில் எடுத்துக்கொண்டு அவர் ஸ்டூடியோவுக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். கைப்பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சின்ன டிஸ்க்கையும் எடுத்து, இதிலும் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் ஜாமீன் கேட்டது போல ஆகிவிட்டார். பெட்டியில் எட்டில் ஒன்று செத்தாலும் ஒன்றும் ஆகாது என்று விளக்கினார், விளக்கிய கையோடு அவரையும் ஒரு டிஸ்க்கை உருவ வைத்தார். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சோப்புப் பெட்டி டிஸ்க்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்டிக்குக் கூச்சமாக இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார்.

"கார்டையெல்லாம் அழிச்சிட்டு அடுத்த படத்துக்கு யூஸ் பண்ணுங்க மேடம். பெட்டிக்குள்ள வந்தாச்சுன்னா நீங்க கவலையே பட வேண்டாம்."

அவர் நம்பினார். கார்டுகளை அழித்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனையின் பெரிய ஹாலில் படத்தைத் திரையிடுவதாக ஏற்பாடு. டாக்டர்கள், நர்சுகள், அதோடு படத்தில் வருகிற முப்பத்தொரு பேரும் குடும்பத்தோடு வருகிறார்கள். பதினான்கு மாத உழைப்புக்கு அந்த ஒரு காலைதான் கூலி.

அதற்கு முந்திய புதன்கிழமை, மாப்பிள்ளை வீட்டுச் சமையலறையில் குழாய் உடைந்து, சரிசெய்ய பிளம்பர் வந்தார். பிளம்பர் வந்தது சமையலறைக்கு; ஆனால் அங்கே போவதற்குப் பெட்டி அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். மாப்பிள்ளை விடுவாரா? முள் ஏறியது, கைகள் விரிந்தன, பிளம்பர் மூன்றாம் நம்பர் டிஸ்க்கை உருவினார். பெட்டி அலறியது. வீடியோ ஓடியது.

"ஓடுது பாத்தீங்களா?"

"ஓடுது சார். அங்க தண்ணியும் ஓடிட்டிருக்கு. நான் போகட்டுங்களா?"

பிளம்பர் போனதும் மாப்பிள்ளை மூன்றாம் டிஸ்க்கைச் சொருகினார். பெட்டி மறுபடி எழுத ஆரம்பித்தது. எப்போது முடியும் என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். வாசகரே, இந்தக் கணக்கை உலகத்தில் பெட்டிக்காரர் ஒருவரால்தான் போட முடியும். டிஸ்க்கின் கொள்ளளவை எடுத்து, தன் செல்ல எண்ணான ஆயிரத்து எண்ணூறால் வகுத்தார். இரண்டு மணி நேரம் என்று விடை வந்தது. ஆனால் ஆயிரத்து எண்ணூறு என்பது எட்டு டிஸ்க்கும் சேர்ந்து ஓடுகிற வேகம். இப்போது எழுதப்படுவதோ ஒரே ஒரு டிஸ்க். அது தன் ஒற்றைக் காலில்தான் நடக்கும்; ஒரு முழு நாள் பிடிக்கும்.

அதுவும் சும்மா விட்டால். மாப்பிள்ளை சும்மா விடவில்லை. அடிபட்ட நிலையிலும் பெட்டி எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கும் ஆசையில் வேகப் பரிசோதனையை அன்று பதினேழு தடவை நடத்தினார். ஒவ்வொரு தடவையும் எழுதுகிற வேலை நின்று நின்று நடந்தது. சாயங்காலம் ஒரு வாடிக்கையாளர் வருவதாக இருந்ததால், கத்தல் அவமானம் என்று சத்தத்தை நிறுத்தினார். ஆரஞ்சு விளக்கு அசிங்கம் என்று அதன் மேல் ஒரு கறுப்பு டேப்பையும் ஒட்டினார். பிறகு ஒட்டியதை மறந்துபோனார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் போனேன். படத்துக்கு நடுநடுவே வருகிற வர்ணனையைப் பேசுவது நான்தான். என் குரல் கனமான குரல் என்பதும், அது இனாமாகக் கிடைக்கும் என்பதும் காரணங்கள். தங்கை மைக்கை எடுத்து வர உள்ளே போயிருந்தாள். அந்த இரண்டு நிமிஷ இடைவெளி போதாதா? மாப்பிள்ளை என்னை அறைக்குள் இழுத்துப் போய்விட்டார். திரையில் டைரக்டர் அம்மாவின் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ், வயதான ஒருவரின் கண்கட்டை மெதுவாகச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், எந்த நம்பர்?"

எட்டில் ஒன்று கறுப்பாக இருந்ததை நான் கவனித்தேன். ஏதோ அழகுக்கு ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். ஆறு என்று சொல்லி, சொன்ன வேகத்தில் உருவினேன். சளக்.

பெட்டி கத்தவில்லை. நர்சின் கை கட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றது. பிறகு திரை கறுப்பாயிற்று. பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சாயின. பெட்டி என்று ஒன்று தனக்குத் தெரியவே தெரியாது என்று கணினி எழுதிக் காட்டியது. மாப்பிள்ளை கைகளைக் கட்டியபடியே நின்றார். புன்னகையைக் கழற்றி வைக்க அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"இருங்க மச்சான். யோசிக்குது."

யோசிக்கட்டும் என்று நின்றோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். என் கையில் ஆறாம் டிஸ்க் வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பச் சொருகிப் பார்த்தேன். பெட்டி அதை யாரோ எவரோ என்பது போல ஏற்றுக்கொள்ளவில்லை. அப்போது தங்கை மைக்கோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நேராகப் போய்க் கறுப்பு டேப்பைப் பிய்த்தாள். உள்ளே ஆரஞ்சு.

"நேத்து பிளம்பர் எது?"

"மூணு" என்றார் மாப்பிள்ளை.

"அண்ணன் எது?"

"ஆறு" என்றேன். பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்துவிட்டு ஹெட்மாஸ்டர் முன்னால் நின்றபோது இதே குரல்தான் எனக்கு வந்தது.

மாப்பிள்ளை பெட்டி விற்ற கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் பொறுமையான மனிதர். இரண்டு டிஸ்க்கும் எப்படி ஒன்றாகப் போயிற்று என்று கேட்டார். ஒன்றாகப் போகவில்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் போயிற்று என்றார் மாப்பிள்ளை. யார் உருவியது என்று கேட்டார் கடைக்காரர். மாப்பிள்ளை போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். பிறகு, வீட்டுக்கு வந்தவங்க என்று மெல்லப் பதில் போயிற்று. அப்படியே அணைத்துவிட்டு எடுத்து வரச் சொன்னார் அவர். மூன்று வாரம் ஆகும், வரலாம், வராமலும் போகலாம், இனிமேல் தயவுசெய்து யாரும் கை வைக்காதீர்கள் என்றார்.

மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. இதுவரை கேலியாகவே சொல்லி வந்தேன், ஆனால் அந்த அறையில் அந்த நேரம் எனக்குக் கேலி வரவில்லை. முப்பத்தொரு பேர் முதன்முதலாகப் பார்த்த பார்வையை ஒரு சளக் சத்தத்துக்கு ஆசைப்பட்டு நான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். எனக்கே என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. தங்கை டைரக்டர் அம்மாவுக்குப் போன் செய்து வரச்சொன்னாள்.

அவர் அரை மணியில் வந்தார். மாப்பிள்ளை எழுந்து நின்று, மேடம், வந்து, எட்டில் இரண்டு, துரதிருஷ்டவசமாக, என்று பெட்டியின் உள்ளமைப்பை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த டெய்லர் இருக்காரா, போயிட்டாரா?"

டெய்லர் யார் என்று எனக்குத் தெரியும். கட்டைப் பிரித்ததும் எல்லாரும் மனைவியையோ பிள்ளையையோ பார்ப்பார்கள். இந்தத் தையல்காரர் எதிரே நின்ற டாக்டரின் கோட்டைப் பார்த்தார். வாழ்க்கையில் திரும்பக் கிடைத்த பார்வையை வைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வாக்கியம், காலர் கோணலாகத் தைத்திருக்கிறது டாக்டர் என்பதுதான்.

மாப்பிள்ளை உள்ளமைப்பை விட்டுவிட்டார். "போயிட்டார் மேடம். என்னாலதான். உங்களைக் கார்டை அழிக்கச் சொன்னதும் நான்தான்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் என் பங்கைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"போகல அக்கா, இருக்காரு" என்றாள் தங்கை.

எழுந்து போய், சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு லேப்டாப்பைக் கொண்டு வந்தாள். மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு போட்ட லேப்டாப். மகள் அதில்தான் வீட்டுப்பாடம் செய்கிறாள் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தார். திறந்தாள். படம் இருந்தது. ஐம்பத்துநாலு நிமிஷம், முதலிலிருந்து கடைசிவரை, வெட்டி ஒட்டி முடிந்த படம்.

விஷயம் இதுதான். பெரிய பெரிய வீடியோக்களை அப்படியே வைத்து எடிட் செய்யாமல், சின்ன சைஸில் லேசான காப்பிகள் எடுத்து அவற்றை வைத்து வேலை செய்வது எடிட்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி. மாப்பிள்ளைக்கு அது பிடிக்காது. ஆயிரத்து எண்ணூறில் ஓடுகிற பெட்டி இருக்கும் வீட்டில் சின்னக் காப்பியா என்று ஒரு தடவை இரண்டு நாள் பேசாமல் இருந்தார். ஆனால் தங்கை எங்கே உட்கார்ந்து வேலை செய்வாள்? காலையில் பெட்டி பரிசோதனையில் இருக்கும். மதியம் விருந்தாளி உருவிக்கொண்டிருப்பார். மற்ற நேரம் பெட்டி உடம்பு தேறிக்கொண்டிருக்கும். அவள் முதல் வாரமே எல்லாவற்றையும் சின்னக் காப்பி எடுத்துக்கொண்டு, சமையலறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படத்தை முடித்துவிட்டாள். இவருக்குத் தெரியாதா என்று கேட்டால், எப்படித் தெரியும்? அவர் முள்ளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை, அரை மணி நேரம் செத்துப் பிழைத்தேனே என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன்.

"என்னாலதான்னு அவர் வாயால வரட்டும்னு இருந்தேன் அண்ணா."

மாப்பிள்ளை இதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இது கால்வாசி சைஸ் ஆயிற்றே, ஹாலில் பெரிய திரையில் போட்டால் ஓரமெல்லாம் மங்கலாகத் தெரியுமே, முழு சைஸ் இருக்கும்போது இதைப் போய் எப்படிக் காட்டுவது என்று குதிக்க ஆரம்பித்தார். முழு சைஸ் எங்கே இருக்கிறது என்று தங்கை கேட்டாள். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

டைரக்டர் அம்மா லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, தையல்காரர் வரும் இடத்தை ஓடவிட்டுப் பார்த்தார். முகம் தெரிகிறது, பேச்சு கேட்கிறது, இது போதும் என்றார். அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் என் குரலைப் பதிவு செய்தோம். பின்னணியில் மின்விசிறி கடகடக்கிறது, நன்றாகக் கவனித்தால் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை சட்டைப்பையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். விளக்கு அணைந்தது, படம் ஆரம்பித்தது, முதல் கட்டு பிரிந்தது. படத்தில் ஒரு பாட்டி சிமிட்டிச் சிமிட்டி விழித்து, பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்து, ஏன்டா மீசை வச்சே என்று கேட்டார். ஹால் சிரித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை காகிதத்தைப் பிரித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம், எல்லாரும் மன்னிக்கணும். நீங்க பாக்கறது ஒரிஜினல் குவாலிட்டி கெடையாது. இதுல கால்வாசி விவரம்தான்..."

புரொஜெக்டர் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. திரை முழுக்க அவர் தலைதான் தெரிந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவரின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"உக்காருங்க தம்பி. பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான் பாக்கறேன். மறைக்காதீங்க."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். தையல்காரர் காலரைக் குறை சொன்னபோது ஹாலே ஆடியது. டாக்டர் எழுந்து நின்று தன் காலரைத் தொட்டுக் காட்டினார். மாப்பிள்ளை சிரித்தார், கொஞ்சம் அழுதார், கடைசிப் பெயர் மறையும்வரை கண்ணை எடுக்கவில்லை. தன் ஸ்டூடியோவில் முடிந்த ஒரு படத்தை அவர் முழுதாகப் பார்த்தது அன்றுதான். வெளியே வந்ததும், நல்லா பண்ணியிருக்க என்று தங்கையிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்டவர்கள் நாலு பேர் இருந்தோம், சாட்சிக்கு வருவோம்.

ஆக, மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய பெட்டி இன்னும் கடைக்காரரிடம்; அறையில் புதுப் பெட்டி. பன்னிரண்டு விளக்கு. இதில் இரண்டு டிஸ்க் செத்தாலும் ஒன்றும் ஆகாதாம். முள் ஏறி இறங்கியது, இரண்டு கைகளும் விரிந்தன, இந்தத் தடவை ரெண்டு நம்பர் சொல்லுங்க மச்சான் என்றார். தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரப்பர் பேண்டு லேப்டாப் அதே மேஜையில் அதே இடத்தில் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். என்னிடம் பெட்டியும் கிடையாது, எடிட்டிங்கும் தெரியாது, நான் தப்பித்தேன் என்கிறீர்கள். சரி. வீட்டுக்கு வந்தவரிடம் உங்கள் புது ஏசியின் அடியில் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னதில்லையா? போனில் பதினாலாயிரம் போட்டோ வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூடத் திரும்பப் பார்க்காமல், இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று மட்டும் பார்த்ததில்லையா? இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். பெட்டிக்காரர் ஒருவராக நின்று ஒரு பெட்டியையும் கெடுத்துவிட முடியாது. அவர் கையை விரித்ததும் நம்பர் சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும். போன வாரம் அவர் இரண்டு நம்பர் கேட்டபோது, நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. நான் ஐந்தும் பத்தும் சொன்னேன். நீங்கள் மனசுக்குள் எந்த இரண்டு நம்பர் நினைத்தீர்கள்?